தலை தீபாவளிக்குக் குடுத்த கிராபிக்ஸ் கார்டு

வாங்க தம்பி. முருகவேல் அனுப்புன ஆளுதான நீங்க? கீழ ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரே, அவரு. ஆங், அப்பச் சரி. செருப்ப உள்ளயே விடுங்க, வெளிய கெடந்தா எதுத்த வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிருது. உக்காருங்க. மோர் குடிக்கிறீங்களா? காலையில மாப்ள கரைச்சு வச்சிட்டுப் போனாரு. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.

அந்தா மேசை மேல நட்டமா நிக்கிது பாருங்க, மூணு ஃபேனோட, அதான் கார்டு. கீழ இருக்கிற பலகை மாதிரி சாமான்ல அது சொருகியிருக்கு. பக்கத்துல கறுப்பாப் பொட்டி இருக்கே, அது இதுக்குக் கரண்ட் குடுக்குறது. எல்லாத்தையும் கழட்டி எடுத்துட்டுப் போங்க. லேப்டாப்பை மட்டும் விட்டுருங்க. காசெல்லாம் வேணாம் தம்பி. நெஜமாத்தான் சொல்றேன். முருகவேல்கிட்டயும் போன்ல அதத்தான் சொன்னேன். கேம் வெளையாடுற பையன் யாராச்சும் இருந்தா அனுப்புங்க, சும்மாவே தர்றேன், ஆனா இன்னிக்கு மதியமே வந்து தூக்கிட்டுப் போயிரணும்னு.

சந்தேகமாப் பாக்குறீங்க. திருட்டுச் சாமானோன்னு. அட, இது நான் வாங்கிக் குடுத்தது தம்பி. நானே மதுரைக்குப் போயி வாங்குனது. என் பேரு சௌந்தரபாண்டி. விருதுநகர்ல வத்தல் கமிஷன் மண்டி வச்சிருக்கேன். இது என் பொண்ணு சுபாஷிணி வீடு. பொண்ணும் மாப்ளையும் ஆபீஸ் போயிருக்காங்க. அவங்க திரும்பி வரும்போது இது இந்த வீட்ல இருக்கக்கூடாது. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

ஸ்க்ரூ டிரைவர் அந்த டிராயர்ல இருக்கு. நீங்க கழட்டுங்க, நான் பேசிக்கிட்டே இருக்கேன். பேசி எவ்வளவு நாளாச்சு! இந்தப் பத்தாவது மாடியில யாருகிட்டப் பேசுறது? கதவச் சாத்துனா தானாப் பூட்டிக்கிது. தெறக்க நம்பர் அழுத்தணும். நம்பர் சொல்லித்தான் குடுத்திருக்காங்க, நான் அழுத்துனா மட்டும் கீச்சுன்னு கத்துது. அதனால வெளியவே போறதில்ல. பால்கனியில நின்னா கீழ ஆளுக நகர்றது தெரியும், கூப்பிட்டா கேக்காது. பொங்கலுக்கு வந்தவன் தம்பி நான். மண்டிய மச்சினன் பாத்துக்கிறான். எனக்கு மூச்சு முட்டுது. ஆனா எப்படிப் போறது? பெத்த பொண்ண இந்த நெலமையில விட்டுட்டு எந்தத் தகப்பன் போவான்?

என்ன நெலமைன்னு கேக்குறீங்களா? சொல்றேன்.

உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? ஆகலையா. ஆகும்போது தெரியும். தலை தீபாவளிக்கு மாப்ளைய வீட்டுக்கு அழைச்சு, எண்ணெய் வச்சு, புதுத்துணி எடுத்துக் குடுத்து, தட்டுல சீர் வைக்கணும். என்ன வேணும்னு கேட்டு வைக்கணும். அவரா வாயத் தெறந்து கேக்க மாட்டாரு, நாமளும் கேக்காம விடக்கூடாது. எங்க அண்ணன் அவரு மாப்ளைக்கு பைக்கு குடுத்தாரு. தெருவே வந்து பாத்துச்சு. அதுக்கு அப்புறம் வர்ற தலை தீபாவளி நம்மளோடது. எப்படி இருக்கும் எனக்கு?

ஆவணியில ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் ஊருக்கு வந்திருந்தாங்க. அப்பக் கேட்டேன். ஒண்ணும் வேணாம் மாமான்னாரு. எல்லா மாப்ளையும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு நான் விடாமக் கேட்டேன். அவரு சுபாவத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு, "அப்ப லேப்டாப்புக்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் குடுங்க மாமா. கேம் வெளையாடுறதுக்கு"ன்னாரு. சுபா அவரு தொடையில நறுக்குன்னு கிள்ளுனா. நான் பாத்துட்டேன். அப்பாவுக்குச் செலவு வைக்காதீங்கன்னு கிள்ளுறா தம்பி. அப்படிப்பட்ட புள்ள.

எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. கல்யாணம் ஆன ஆம்பள, கம்பெனியில நல்ல வேலை, கேம் வெளையாட சாமான் கேக்குறாரேன்னு. மாப்ள பாக்கப் போனப்ப சிகரெட்டு உண்டான்னு விசாரிச்சோம், தண்ணி உண்டான்னு விசாரிச்சோம். இத விசாரிக்கணும்னு யாருக்குத் தோணும்? ஆனா கேட்டுட்டாரு. மாப்ள வாயால கேட்டுட்டா முடிஞ்சது.

மதுரைக்குப் போனேன். கடைக்காரரு, "எந்த மாடல் சார்?"ன்னாரு. எனக்கு எப்படித் தெரியும்? "போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்களேன்"ங்கறாரு. அது எப்படிக் கேக்குறது? மாப்ள ஒரு பொருளக் கேட்டதுக்கு அப்புறம், அதுல எதுன்னு மாமனார் திரும்பக் கேட்டா, இருக்கிறதுல சல்லிசா ஒண்ணு சொல்லுங்கன்னு கேக்குற மாதிரி ஆயிரும்ல? நான் கேக்கல. "கம்ப்யூட்டர் கேபினெட் பெருசா சார்?"ன்னாரு. எல்லாம் பெருசுதான்னேன். தம்பி, லேப்டாப்புன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா, அவரு அங்கேயே என்னத் திருப்பி அனுப்பியிருப்பாரு. நான் வேணும்னேதான் சொல்லல. லேப்டாப்பு சின்னது, அதுக்குத் தக்கன சின்ன டப்பாவா எடுத்துக் குடுத்துருவாரோன்னு பயம். தாம்பாளத்துல வச்சா நெறஞ்சு நிக்கணும்ல! சம்பந்தி வீடு பாக்கும், எங்க அண்ணன் பாப்பாரு. கடையிலயே பெரிய டப்பா எதுவோ அத எடுங்கன்னேன்.

சிரிக்காதீங்க. சிரிங்க, பரவால்ல. இப்ப எனக்கே சிரிப்பு வருது.

தீபாவளியன்னிக்கு விடிஞ்சதும் பெரிய தாம்பாளத்துல வேட்டி, சட்டை, பட்டுச்சேலை, வெத்தல பாக்கு, பழம், நடுவுல இந்த டப்பா. தனலட்சுமி, என் வீட்டுக்காரி, டப்பாவுக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி நடுவுல குங்குமம் வச்சா. மாப்ள வாங்கிப் பாத்தாரு. பக்கத்துல நின்ன சுபா பாத்தா. பாத்ததும் கையால வாயப் பொத்திக்கிட்டா, கண்ணுல தண்ணி. நம்ம புருஷன் இவ்வளவு பெரிய கேம் பைத்தியம்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சேன்னு அழறா.

காப்பி குடிச்சதும் மாப்ள டப்பாவப் பிரிச்சாரு. லேப்டாப்பக் கவுத்துப் போட்டு அடியில பாக்குறாரு, கார்டப் பாக்குறாரு, இத எங்கிட்டு மாட்டுறதுன்னு முழிக்கிறாரு. சுபாதான் வெளக்கிச் சொன்னா. இது கம்ப்யூட்டருக்குள்ள சொருகுறதாம். லேப்டாப்புல அப்படிக் கழட்டி மாட்ட முடியாதாம், உள்ள இருக்கிற கார்ட போர்டோட போர்டா ஈயம் வச்சுப் பத்தவச்சிருப்பாங்களாம். ஆனா இந்த லேப்டாப்புல வேகமாத் தகவல் போற ஓட்டை ஒண்ணு இருக்காம். வெளிய ஒரு பலகை வாங்கி, அதுல இந்தக் கார்டச் சொருகி, தனியாக் கரண்ட் குடுத்து, ஒரு வயர அந்த ஓட்டையில மாட்டுனா வேலை செய்யுமாம். கொஞ்சம் வேகம் கொறையும், ஆனா பிரமாதமா இருக்கும்ப்பான்னா. மூச்சு விடாமச் சொல்றா தம்பி. சாமானக் கேட்ட மாப்ளைக்கு ஒண்ணும் தெரியல, கேக்காத இவளுக்கு அம்புட்டும் தெரியுது. சின்னதுல இருந்தே அவ புத்திசாலி.

கடையில மாத்திக்கலாமேன்னாரு மாப்ள. மஞ்சள் குங்குமம் வச்ச டப்பாவ எப்படித் திருப்பிக் குடுக்குறது? நானே அந்தப் பலகையையும் கரண்டுப் பொட்டியையும் வரவழைச்சுக் குடுத்தேன். அப்புறம் ஸ்கிரீன் சின்னதா இருக்குன்னு இந்தப் பெரிய ஸ்கிரீனு. எங்க வேணும்னாலும் தூக்கிட்டுப் போறதுக்குத்தான லேப்டாப்பு? இப்பப் பாருங்க, மாட்டக் கட்டிப்போட்ட மாதிரி இந்த மேசையோட கெடக்கு. அதோட சேத்து என் மகளையும் கட்டிப் போட்டுட்டேன். நான்தான் போட்டேன்.

ம், கழட்டுங்க, கழட்டுங்க. அந்த வயரப் பிடுங்கலாம், நான் ஸ்விட்ச அமத்திட்டேன்.

பொங்கலுக்குச் சீர் கொண்டுட்டு, சொல்லாமக் கொள்ளாம வந்தேன். கரும்பு, வெங்கலப் பானை, அரிசி, வெல்லம். மணி அடிக்கிறேன், கதவு தெறக்கல. உள்ள தடபுடன்னு ஓடுற சத்தம். நாற்காலி இழுபடுது. திரும்ப அடிக்கிறேன். அப்புறம் சுபா வந்து தெறந்தா, வேர்த்துக் கொட்டுது அவளுக்கு. உள்ள எட்டிப் பாத்தா இதே நாற்காலியில மாப்ள உக்காந்து வெளையாடிக்கிட்டு இருக்காரு. கையெல்லாம் பூரி மாவு! மாவு பிசைஞ்ச கையக் கூடக் கழுவாம வெளையாடுறாரு தம்பி. அந்தக் கீபோர்டுல இப்பயும் மாவு ஒட்டியிருக்கும் பாருங்க.

அன்னிக்கு முடிவு பண்ணேன். இந்த மனுசன் திருந்துற வரைக்கும் நகர்றதில்லைன்னு.

தெனமும் சாயங்காலம் ஒரு நாற்காலியப் போட்டு அவரு முதுகுக்குப் பின்னாலயே உக்காந்துக்குவேன். வெக்கப்பட்டு விடட்டும்னு. அவரும் பேசாம உக்காந்து வெளையாடுவாரு. சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாளாவது நல்லா வெளையாடணுமே! துப்பாக்கியத் தூக்கிட்டு நேராப் போயிச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறாரு. யாராவது வந்து சுட்டுட்டுப் போறான். இவ்வளவு பைத்தியம் இருந்தும் இம்புட்டுத்தான் வருது. காதுல மாட்டுறது இருக்குல்ல, அதுக்குள்ள இருந்து பசங்க கத்துறானுக. என்னன்னு கேக்குறீங்க? "அக்கா! என்னக்கா பண்றீங்க, அக்கா!"ன்னு. ஆம்பள ஆளப் போயி அக்கான்னு கூப்பிட்டுக் கிண்டல் பண்றானுக. அதையும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. மானம் மருவாதி இருந்தா எந்திரிக்க மாட்டாரா?

ஏன் தம்பி நிப்பாட்டிட்டீங்க? ஸ்க்ரூ வழுக்குதா? மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல. அவங்க வர சாயங்காலம் ஆகும்.

என் பொண்ணப் பாத்தாத்தான் மனசு தாங்கல. அவரு வெளையாடும்போது வாசப்படியில நின்னு வெரல நெரிச்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருப்பா. ஒருநா பொறுக்க முடியாம, "லெஃப்ட்ல! லெஃப்ட்ல வர்றான்!"னு கத்திட்டா. கத்திட்டு அடுப்படிக்குள்ள ஓடிப்போயி அழுதா. கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு. நான் படுத்ததுக்கு அப்புறம் இந்த ரூம்ல டக்கு டக்குன்னு தட்டுற சத்தம் கேக்கும். அவரு வெளையாட, இவ முழிச்சுக் கெடக்கா போல.

சமையல் அவருதான் செய்றாரு. பாத்திரமும் அவருதான். கேட்டா எனக்கு சமையல்னாப் புடிக்கும் மாமாங்கறாரு. குத்த உணர்ச்சி தம்பி! வெளையாடுறதச் சரிக்கட்டணும்னு பொங்கிப் போடுறாரு. இல்லைன்னா எந்த ஆம்பள தெனமும் சட்னிக்குத் தேங்காய் சில்லு போடுவான்?

நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. சொல்லுங்க.

சுபாதான் வெளையாடுறாளா? தம்பி, நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா. அதையும் அவ சொல்லிட்டா. போன வாரம் சாப்பிட்டு முடிச்சதும் எனக்கு முன்னால வந்து உக்காந்தா. "அப்பா, அவரு வெளையாடல. நான்தான் வெளையாடுறேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. எனக்காகத்தான் உங்ககிட்ட அன்னிக்குக் கேட்டாரு"ன்னா. தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றா. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. புருஷன் மேல ஒரு சொல்லு விழக்கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிறா பாருங்க! இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு செய்வா? அவ தலையில கைய வச்சு, "அம்மா, எனக்குத் தெரியும்மா. நீ ஒண்ணும் சொல்ல வேணாம்"னேன். அவ எந்திரிச்சுப் போயிட்டா. அதோட எங்கிட்டப் பேச்சக் கொறச்சுக்கிட்டா.

உடனே தனலட்சுமிக்குப் போன் போட்டேன். பாத்தியா, எப்படி வளத்திருக்கேன்னு. "நீங்க கெளம்பி ஊருக்கு வாங்க"ன்னா. ஏண்டின்னேன். "அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல, வாங்க"ன்னு போன வச்சிட்டா. அவளுக்கு வீட்டத் தனியாக் கட்டி மேய்க்கச் சிரமமா இருக்கு போல.

இல்ல தம்பி, நீங்க சொல்றது நடக்காது. என் புள்ளைய எனக்குத் தெரியாதா? அவ பத்தாவது படிக்கிறப்ப மண்டியில ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேரா அங்க வந்து உக்காந்துருவா. காரு ஓட்டுவா, சுடுவா. மூட்டை தூக்குறவுக, தரகர்க எல்லாம் பின்னால நின்னு வேடிக்கை பாப்பாங்க. சபாஷ் பாப்பாம்பாங்க. வயசுக்கு வந்த புள்ளைக்கு அது நல்லாவா இருக்கும்? ஒருநா கம்ப்யூட்டரத் தூக்கிக் குடோன்ல போட்டுட்டேன். மறுநா வந்து பாத்தா. சண்டை போடல. பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பல. படிச்சா, வேலைக்குப் போனா, காட்டுன மாப்ளைக்குக் கழுத்த நீட்டுனா. அவளா வெளையாடுவா?

ஏன் என்னை அப்படிப் பாக்குறீங்க?

சரி, அப்பக் குடுத்ததத் திருப்பி எடுத்துட்டுப் போக வேண்டியதுதானன்னு கேக்கலாம் நீங்க. அங்கதான் மாட்டிக்கிட்டேன். சீராக் குடுத்ததப் பொண்ணு வீட்டுக்காரன் திருப்பி எடுத்துட்டு வந்தா, பொண்ணையும் திருப்பிக் கூட்டிட்டு வரப்போறான்னு ஊர்ல பேசுவாங்க. அத்துவிடுற வீட்லதான் சீரத் திருப்பி எடுப்பாங்க. என் பொண்ணு வாழணும் தம்பி. அதுக்காகத்தான் இவ்வளவும். நான் எடுக்கக்கூடாது, மாப்ளையும் தர மாட்டாரு. அதான் யோசிச்சுப் பாத்தேன், மூணாவது மனுசன் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனா அது திருப்பி வாங்குனதா ஆகாது. ஒரு நல்ல பையனுக்குத் தானமாக் குடுத்தேன்னு சொல்லிக்கலாம். என் மண்டையில எப்படி வந்துச்சுன்னு தெரியல, ஆனா வந்துச்சு.

அதுவும் இன்னிக்கே எடுக்கணும். இன்னிக்குச் சாயங்காலம் மாப்ளைக்கு ஏதோ போட்டியாம். ஒரு வாரமா வீட்ல அதே பேச்சு. அஞ்சு பேரு சேந்து ஒரு டீமாம், ஜெயிச்சா பெங்களூருக்குப் போயி மேடையில வெளையாடணுமாம். சுபா சோறே சரியாத் திங்கல, அவருக்காக அவ்வளவு கவலை. ஜெயிச்சுட்டா அப்புறம் அவரக் கையில புடிக்க முடியுமா? வேலையையும் விட்டுருவாரு. அதான், போட்டிக்கு உக்கார வர்றப்ப மேசை காலியா இருக்கணும். சுபா கொஞ்சம் அழற மாதிரி அழுவா, மாப்ள முன்னால காட்டிக்கணும்ல. உள்ளுக்குள்ள சந்தோசப்படுவா. பெத்தவனுக்குத் தெரியாதா அவ மனசு?

அட, எந்திரிச்சிட்டீங்க? ஏன் தம்பி, திரும்ப மாட்டுறீங்க? கழட்டத்தான சொன்னேன்! வேணாம்னா என்ன அர்த்தம்? புத்தம் புதுசு தம்பி, சும்மா தர்றேன், வேணாங்கறீங்க!

இருங்க. கதவு. நம்பர் அழுத்துற சத்தம்.

சுபா? என்னம்மா இந்நேரத்துல? லீவு போட்டுட்டு வந்தியா? இந்தத் தம்பி... இவரு கீழ முருகவேல் அனுப்புன... ஏம்மா, செருப்போட உள்ள வர்ற? சுபா, கேளும்மா, அப்பா சொல்றதக் கேளு. உன் நல்லதுக்குத்தான்.

பாத்தீங்களா தம்பி, உங்க கையில இருந்து ஸ்க்ரூ டிரைவர வாங்கிட்டாளே. பயப்படாதீங்க, உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டா. அம்மா, எதையும் ஒடைக்கல, ஒரு வயரத்தான் பிடுங்குனோம். அதெல்லாம் உனக்கு எதுக்குமா, மாப்ள வந்து மாட்டிக்குவாருல்ல... அட, அவளே மாட்டுறா. டக்கு டக்குன்னு மாட்டுறா பாருங்க. வெளக்கு எரியுது. ஃபேனு ஓடுது.

வாங்க மாப்ள. நீங்களும் லீவா? பை நெறையக் காய்கறியா. ஒண்ணுமில்ல மாப்ள, இந்தத் தம்பி சும்மா பேசிட்டுப் போகலாம்னு வந்தாரு. பாருங்க தம்பி, என்னப் பாத்ததும் ஓடிப்போயி நாற்காலியில உக்காந்து காதுல மாட்டிக்கிட்டாரு. இவ்வளவு நேரம் நான் சொன்னது இதுதான்! இப்பவாவது...

என்னம்மா சொல்ற அவருகிட்ட? "எந்திரிங்க ஜெகா. போதும், எந்திரிங்க"ங்கறா. மாப்ள என்னப் பாக்குறாரு. "அப்பா பாக்கட்டும்"ங்கறா.

எந்திரிச்சிட்டாரு.

சுபா உக்காந்துட்டா.

என்ன தம்பி நடக்குது? போட்டி சாயங்காலம்னாங்களே, அதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சா? மாப்ளைக்குப் பதிலா இவ வெளையாடுறாளா? எனக்கு ஒண்ணும் புரியல, எவன் எங்க ஓடுறான்னே தெரியல. கை எப்படிப் போகுது அவளுக்கு! அந்த ஸ்கிரீன விட்டுக் கண்ணு நகரல. யாருகிட்டயோ பேசுறா. "நீ பின்னால போ, நான் பாத்துக்கிறேன்"ங்கறா. அதட்டுறா தம்பி. என் பொண்ணு ஒருத்தர அதட்டி நான் கேட்டதில்ல.

நீங்க ஏன் வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிறீங்க? நல்லா வெளையாடுறாளா? அவ்வளவு நல்லாவா? உங்களால முடியாதா? உங்களாலயே முடியாதா?

சிரிக்கிறா பாருங்க. இந்தச் சிரிப்ப நான்... கல்யாணத்தன்னிக்குக் கூட... பொண்ணு பாக்க வந்தப்ப, மேடையில, தலை தீபாவளிக்கு, எல்லா போட்டோவுலயும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருப்பா. நல்லாத்தான இருந்துச்சு அதெல்லாம்.

கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன் தம்பி. ஒண்ணுமில்ல. மோரு வேணாம்.

இப்படி வாங்க, பக்கத்துல வாங்க. மெதுவாப் பேசுங்க. நீங்க கீழ போனதும் முருகவேல் கேப்பாரு, என்ன வெறுங்கையோட வர்றீங்கன்னு. என்ன சொல்லுவீங்க? வேணாம், அதச் சொல்லாதீங்க. பத்து மாடிக்கும் போயிரும். இங்கிட்டு நம்ம ஊர்க்காரங்க ரெண்டு குடும்பம் இருக்கு, அங்க இருந்து விருதுநகருக்குப் போயிரும், எங்க அண்ணன் காதுக்குப் போயிரும். கல்யாணம் ஆன பொம்பளப் புள்ள புருஷனச் சமைக்க விட்டுட்டுத் துப்பாக்கியத் தூக்கிட்டுத் திரியுறாம்பாங்க. நான் எப்படி வெளிய தலை காட்டுறது? ஆம்பளையச் சொன்னா ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. அதனால, மாப்ள வந்துட்டாரு, என் சாமானத் தரமாட்டேன்னு ஒரே சண்டை, அந்த ஆளு கேம் பைத்தியம்னு சொல்லிருங்க.

என்ன மாப்ள, அப்படியே சொல்லிக்கலாம்ல?

பாருங்க, சரி மாமான்னு தலைய ஆட்டுறாரு. தங்கமான மனுசன் தம்பி.